நடுவர் இல்லாத நியாயம்

பெரியவர்களின் கண் மறைந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு நம்மில் அநேகரிடம் ஆயத்தமாக இருக்கும் விடை, ‘சண்டை போடுவார்கள்’ என்பதுதான். நாலு பேர் தனியே விடப்பட்டால் வலியவன் எளியவனை அடிப்பான், பொய் சொல்பவன் ஜெயிப்பான், கடைசியில் ஒரு மண்டை உடையும் என்கிற இந்த அபிப்பிராயம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறதென்றால், பள்ளிக்கூடம் விட்டதும் டியூஷன், டியூஷன் முடிந்ததும் கராத்தே, விடுமுறை வந்தால் கோடை முகாம் என்று ஒரு மேற்பார்வையிலிருந்து இன்னொரு மேற்பார்வைக்குப் பிள்ளைகளைக் கைமாற்றிவிடுவதே பொறுப்புள்ள பெற்றோரின் லட்சணம் என்றாகிவிட்டது. இந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்கப் பெரிய சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. செட்டியார்பட்டியில் சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், பொட்டலைப் பார்த்த திண்ணையில், ஒரு பத்திரிகையை விரித்துப் படிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பாவனை அவசியம், நாம் கவனிக்கிறோம் என்று தெரிந்த மாத்திரத்தில் அவர்கள் நம்மிடம் தீர்ப்புக் கேட்க வந்துவிடுவார்கள், அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இராது.

இராஜபாளையம் வட்டத்தில், தளவாய்புரத்தை அடுத்து, மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும் தூரத்தில் இருக்கும் இந்தப் பேரூர், தறியையும் தையலையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. இத்தகைய ஊர்களில் தாயும் தந்தையும் தூரதேசம் போய்விடுவதில்லை. வீட்டிலேயே தையல் இயந்திரத்தின் முன்போ, கூப்பிடு தூரத்துத் தறிக்கூடத்திலோதான் இருப்பார்கள். ஆனால் தறிச்சத்தத்தில் தெருச்சத்தம் அவர்கள் காதில் விழாது, கையில் இருக்கும் வேலையை விட்டு எழுந்து வந்து விசாரிக்க அவகாசமும் இராது. அழுதால் ஓடிப்போய்ச் சேரத்தக்க தூரத்தில் பெரியவர்கள் இருக்க வேண்டும், ஆனால் ஆட்டத்தின் நடுவே தலையிட அவர்களுக்கு நேரம் இருக்கக் கூடாது என்று யாராவது திட்டமிட்டுச் செய்திருந்தால்கூடப் பிள்ளைகளின் சுயராஜ்யத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைச் செய்திருக்க முடியாது.

அந்தச் சுயராஜ்யத்தின் முதற் காரியம் ஆட்களைப் பிரிப்பது. தலைவர்களாக இருவர் ஒதுங்கி நிற்க, மற்றவர்கள் தங்களுக்குள் சம பலமுள்ளவர்களாகப் பார்த்து இருவர் இருவராகச் சேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு தூரப் போய், காதோடு காதாக ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, ‘ஆனை வேணுமா, குதிரை வேணுமா?’ என்று கேட்பதும், தலைவன் ஆள் இன்னாரென்று அறியாமலேயே ஒன்றைச் சொல்லி அதற்குரியவனைப் பெறுவதும், அடுத்த ஜோடிக்கு எதிர்த் தலைவன் முறை வருவதுமாகிய ‘உத்தி பிரிக்கும்’ முறையை நம்மில் அறியாதார் இலர்; ஆனால் அதன் நுட்பத்தை நின்று யோசித்தவர்கள் சிலரே. ஒருவனுக்கு ஒருவன் சமமா என்று நிர்ணயிக்கும் உரிமை, தெரிந்தெடுக்கப்படப் போகிறவர்களிடமே விடப்பட்டிருக்கிறது. தங்கள் பலாபலத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. தெரிந்தெடுக்கிறவனோ கண் கட்டப்பட்டவனுக்குச் சமானம். அவன் பட்சபாதம் காட்ட நினைத்தாலும் வழியில்லை. எல்லாவற்றிலும் மேலாக, கடைசி வரை யாரும் கேட்காமல் நிற்கிற ஒரு பிள்ளை இந்த முறையில் உண்டாவதே இல்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு நேரத்தில் இரண்டு தலைவர்களை நியமித்து, ‘உனக்கு வேண்டியவனைக் கூப்பிட்டுக்கொள்’ என்று சொல்லும் ஆசிரியர், ஒவ்வொரு முறையும் ஒரு குழந்தையைப் பத்துப் பேர் முன்னிலையில் வேண்டாதவனாக நிறுத்திவிடுகிறார் என்பதை அறியார். அதைத் தவிர்க்கும் வித்தை அவர் மாணவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்பார் இல்லை.

இந்த முறையிலும் கள்ளத்தனத்துக்கு இடமுண்டு. தலைவனும் அவனுடைய ஆப்த நண்பனும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, இமையைச் சிமிட்டியோ காலால் மண்ணைக் கீறியோ சைகை காட்டிவிடுவதுண்டு. பிடிபட்டால் ஜோடி திரும்பப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டியதுதான், தண்டனை அவ்வளவே. அடிக்கடி அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை அடித்து விரட்டுவதும் கிடையாது. மறுநாள் அவனோடு ஜோடி சேர ஆள் குறைகிறது, ‘காய்’ விடுகிறார்கள், இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான், மூன்றாம் நாள் யாராவது ஒருவன் ‘பழம்’ விடத் தயாராக இருக்கிறான், ஏனென்றால் ஆளில்லாமல் ஆட்டம் நடக்காது. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்து அழுகிற ஐந்து வயதுச் சிறுவனுக்கும் இங்கே ஒரு ஸ்தானம் உண்டு. அவன் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், கத்தலாம், பந்தைத் தொடலாம், ஆனால் அவனை யாரும் அவுட் ஆக்குவதில்லை, அவனால் எந்தக் கட்சிக்கும் லாபமில்லை, நஷ்டமுமில்லை. சட்டத்தின் கடுமைக்கு உட்படாமலே சபையில் அங்கத்தினனாக இருக்கும் இந்தச் சலுகையை, நம்முடைய அரசியல் நிர்ணயக்காரர்கள் ஆலோசித்து எழுத எத்தனை ஷரத்துக்கள் வேண்டியிருக்கும்!

கிரிக்கெட் வந்தபின் இவையெல்லாம் அழிந்துவிட்டன என்று புலம்புகிறவர்கள் அதைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். தெருக் கிரிக்கெட்டுக்கு லார்ட்ஸ் மைதானத்துச் சட்டம் எந்தக் காலத்திலும் செல்லுபடியானதில்லை. மட்டைக்குச் சொந்தக்காரன் எவனோ அவனுக்கு முதல் ஆட்டம். ஒருதரம் தரையில் குத்தி எழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். இன்ன வீட்டுக் காம்பவுண்டுக்குள் அடித்தால் அவுட், அதோடு அடித்தவனே போய் அந்த வீட்டு ஆச்சியிடம் வசவு வாங்கிக்கொண்டு பந்தை மீட்டு வர வேண்டும். ஒற்றைப்படையில் ஆள் மிஞ்சினால் அவன் இரு கட்சிக்கும் பொது. சந்தின் அகலமும், சாக்கடையின் போக்கும், எதிர் வீட்டாரின் கோபமும் சேர்ந்து எழுதிய சட்டங்கள் இவை. ஆகையால் தெருவுக்குத் தெரு வேறுபடுகின்றன, வேறு தெருக்காரன் ஆட வந்தால் முதலில் அவனுக்குச் சட்டம் சொல்லித்தரப்படுகிறது.

பெரியோர் இத்தகைய விஷயங்களை ஏட்டில் ஏற்றத் தகுதியானவையாக எண்ணுவது அபூர்வம். அந்த அபூர்வத்தைச் செய்தவர்களுள் முக்கியமானவர், இங்கிருந்து வெகுதூரமில்லாத சங்கரன்கோவிலில் 1902-ஆம் ஆண்டு பிறந்த தேவநேயப் பாவாணர். சொல்லாராய்ச்சியில் புகழ்பெற்ற அவர், ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்ற நூலில் ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன, பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன என்று வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் விதியையும் ஒரு வழக்கறிஞரின் சிரத்தையோடு வருணித்திருக்கிறார். அதைப் படிக்கிறபோது நமக்குத் தோன்றுவது, இத்தனை விரிவான சட்டத்தொகுதியை இயற்றிய சட்டசபை எது, எங்கே கூடியது என்பதுதான். வாத்தியார் கற்பித்ததில்லை, தகப்பன் சொல்லித்தந்ததில்லை; பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமிருந்து எட்டு வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டது அவ்வளவும்.

ஸ்விட்சர்லாந்தில் ழான் பியாஜே என்னும் அறிஞர் ஜெனீவா, நியூஷடெல் நகரத்துப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து கோலிக்குண்டு ஆடி, அவர்களுக்கு விதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிந்து 1932-இல் ஒரு நூல் வெளியிட்டார். சின்னஞ்சிறுவர்கள் விதியைப் பெரியோர் தந்த மாற்றொணாத கட்டளையாக எண்ணுகிறார்கள், ஆனால் நடைமுறையில் இஷ்டப்படி ஆடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதானவர்களோ எல்லாரும் சம்மதித்தால் விதியை மாற்றலாம் என்கிறார்கள், ஆனால் வகுத்துக்கொண்ட விதியை மீறுவதில்லை. இதற்கு அவர் கண்ட காரணங்களில் ஒன்று விசேஷமானது: பதின்ம வயதில் கோலி ஆட்டத்தை விட்டுவிடுகிற வழக்கம் அங்கே இருந்தபடியால், ஆடுகிறவர்களில் மூத்தவனுக்கு மேலே அதிகாரம் செலுத்த ஒருவரும் இல்லை, தனக்குமேல் தலைவன் இல்லை என்று உணர்ந்தவனே சட்டத்தைத் தன்னுடையதாகக் கருதத் தொடங்குகிறான்.

இதோடு நாம் இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். பொட்டலில் ஆடுகிற எந்தப் பிள்ளையையும் யாரும் கட்டாயப்படுத்தி வைத்திருக்கவில்லை. ‘நான் வரலைப்பா’ என்று சொல்லிவிட்டு எந்த நிமிஷமும் வீட்டுக்குப் போய்விடலாம். வலியவன் தன் வலிமையை ஓர் எல்லைக்குமேல் பிரயோகித்தால் நாலு பேர் நடையைக் கட்டுவார்கள், ஆட்டம் கலைந்துபோகும். ஆட்டம் தொடர வேண்டும் என்ற ஆசை அவனுக்கும் இருக்கிறபடியால் அவன் இறங்கி வருகிறான். பிள்ளைகளின் நியாயத்துக்கு ஆதாரம் அவர்களுடைய நற்குணம் என்று நான் சொல்ல மாட்டேன். விலகிப் போகிற சுதந்திரமும், நாளைக்கும் இதே முகங்களோடுதான் ஆட வேண்டும் என்ற உணர்வும் சேர்ந்தே அந்த நியாயத்தை உண்டாக்குகின்றன.

பிள்ளைகள் தங்கள் வழக்கைத் தாங்களே பேசிப் பார்ப்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த இரு கவிகளிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது. பெரியாழ்வாரின் திருமொழியில், கண்ணன் செய்யும் குறும்புகளைப் பொறுக்க மாட்டாத ஆய்ச்சியர் யசோதையிடம் போய் முறையிடுகிறார்கள். அவருடைய மகள் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலோ, மணலில் சிற்றில் கட்டி விளையாடும் சிறுமியர், அதைச் சிதைக்க வரும் கண்ணனிடமே நேரில் வழக்காடுகிறார்கள். எவ்வளவு நேரம் முதுகு நோவ இழைத்தோம் என்று சொல்லி, கெஞ்சியும் கடிந்தும் பார்க்கிறார்கள். பெரியவர்கள் மேலதிகாரியிடம் புகார் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் குற்றவாளியோடு பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். பக்தி சாஸ்திரம் இவற்றுக்குத் தரும் உட்பொருள் வேறு. தகப்பனார் தாயின் பார்வையிலிருந்தும் மகள் சிறுமியின் பார்வையிலிருந்தும் எழுதினார் என்ற லௌகிக உண்மையும் அதனால் குறைந்துபோகாது.

இவ்வளவையும் கேட்டபின் படித்தவர்கள் வில்லியம் கோல்டிங்கின் நாவலை எடுத்துக் காட்டுவார்கள். 1954-இல் வெளிவந்த ‘ஈக்களின் தலைவன்’ கதையில், யாருமற்ற தீவில் சிக்கிய ஆங்கிலேயச் சிறுவர்கள் கொலை வரைக்கும் போகிறார்கள். அது கற்பனை, எழுதியவர் பள்ளி ஆசிரியர், ஆகையால் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு மனக்கசப்பு இருந்திருந்தால் அதை நாம் மன்னிக்கலாம். நடந்த சம்பவம் வேறு. 1965-ஆம் ஆண்டு டோங்கா நாட்டின் தலைநகரில், விடுதிப் பள்ளி வாழ்க்கை சலித்துப்போன ஆறு பையன்கள் ஒரு படகைக் களவாடிக்கொண்டு கடலில் இறங்கி, புயலில் பாய் கிழிந்து, எட்டு நாள் மிதந்து, மனித சஞ்சாரமற்ற ஆட்டா என்னும் தீவில் ஒதுங்கினார்கள். பதினைந்து மாதம் கழித்து, 1966 செப்டம்பரில், பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டுபிடித்தபோது ஆறு பேரும் உயிரோடிருந்தார்கள். இருவர் இருவராக முறைவைத்துத் தோட்டம், சமையல், காவல் என்று வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை. சண்டை மூண்டால் இருவரையும் தீவின் வெவ்வேறு மூலைகளுக்கு அனுப்பிச் சினம் ஆறியபின் கூட்டிவைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தார்கள். ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது குச்சி வைத்துக் கட்டி, குணமாகும் வரை அவன் பங்கு வேலையையும் மற்றவர்களே செய்தார்கள். காய் விட்டுப் பழம் விடுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆயினும் பிள்ளைகளின் ராஜ்யத்தைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. 2023 ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். மாணவரிடையே ஜாதி உணர்வு பரவுவதைத் தடுக்க வழி கூறுமாறு அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் வண்ணத்தைக் கொண்டு கட்சி பிரிவதும் பிள்ளைகள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வதுதான் என்று ஒருவர் வாதிக்கலாம். தென் மாவட்டங்களில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த வாதத்துக்கு விடை சொல்லாமல் நழுவிப்போக முடியாது.

விடைக்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு பரீட்சைகள் உதவுகின்றன. முஸஃபர் ஷெரீஃப் என்னும் உளவியல் அறிஞர் 1954-இல் ஒக்லஹோமா மாகாணத்து ராபர்ஸ் கேவ் பூங்காவில், பதினொரு வயதுப் பையன்கள் 22 பேரை, ஒரு கூட்டம் இருப்பது மற்றதற்குத் தெரியாதபடி இரண்டு முகாம்களில் சில நாள் வளர்த்து, அதன்பின் போட்டிகளில் மோதவிட்டார். பகைமை பற்றிக்கொண்டது, கொடிகள் எரிக்கப்பட்டன. பாடப்புத்தகங்களில் ஏறிய சம்பவம் இது. ஏறாத சம்பவம் முந்திய ஆண்டினது. 1953-இல் நியூயார்க் மாகாணத்தில் அவர் நடத்திய முகாமில், பையன்கள் முதலில் எல்லாரும் ஒன்றாகக் கலந்து பழகிவிட்டார்கள். பிறகு இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தின் பொருளைப் பெரியவர்களே ரகசியமாகச் சேதப்படுத்திப் பழியை மற்றக் கூட்டத்தின்மேல் சுமத்திப் பார்த்தபோது, பையன்கள் கூடிப் பேசி, இது பெரியவர்கள் செய்த வேலை என்று கண்டுகொண்டார்கள். மூட்டின சண்டை மூளவில்லை, பரீட்சை கைவிடப்பட்டது.

தெற்கத்திச் சீமையின் தெருக்களை இந்த இரண்டு பரீட்சைகளில் எதன் மாதிரியில் நாம் வகுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பொட்டலில் ஆடுகிற பிள்ளைக்கு அடுத்த பொட்டலில் ஆடுகிற பிள்ளையின் பெயர் தெரியாதவாறு குடியிருப்பை அமைத்து, எந்தத் தெருவுக்குப் போகலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று போதித்து, ஆறாம் வகுப்பில் முதன்முறையாக அவர்களை ஒரே பள்ளியில் கொண்டுவந்து மோதவிடுவது பெரியவர்களாகிய நாம். கயிறு விற்கிற கடையும் நம்முடையது. நாங்குநேரிப் பிள்ளைகளை மேற்பார்வை இல்லாத பிள்ளைகள் என்று எண்ணுகிறவர்கள், பெரியவர்களின் பகைமை அவர்கள்மேல் செலுத்திவந்த மேற்பார்வையைக் காணத் தவறுகிறார்கள்.

விலக முடியாத இடத்தில் கூடிவாழும் பிள்ளைகளின் சங்கதியும் தனி. விடுதிகளிலும் இல்லங்களிலும் ‘நான் வரலைப்பா’ என்று சொல்லிவிட்டுப் போக வீடு கிடையாது; ஆகவே பொட்டலில் தானாக விளைகிற நியாயம் அங்கே விளையும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. வார்ஸா நகரில் 1912 முதல் யூத அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய வைத்தியர் யானுஷ் கோர்ச்சாக் இதை உணர்ந்து, பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் ஒரு நியாயஸ்தலத்தை அங்கே ஸ்தாபித்தார். அதன் சட்டத்தில் முதல் 99 ஷரத்துக்கள் மன்னிப்பதற்கே ஏற்பட்டவை; அந்தச் சபையின் முன்னால் அவரும் பிரதிவாதியாக நின்றிருக்கிறார். 1942-இல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை டிரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோனபோது, தாம் தப்ப வழியிருந்தும் அவர்களோடு சென்று மாண்டார். நம் நாட்டிலும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் 2016-இல் வந்த மாதிரி விதிகள், குழந்தைகள் இல்லங்களில் குழந்தைகளின் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. கண்காணிப்பாளர் தம்மேல் வரும் புகாரையும் அந்தக் குழு விசாரிக்க இடம் கொடுக்கிற இல்லங்களிலேயே அதற்கு உயிர் இருக்கும்.

பெண்பிள்ளைகளை இதுவரை மறந்துவிட்டுப் பேசினேன். பொட்டலும் அவர்களை அப்படித்தான் மறக்கிறது. எட்டு வயதுச் சிறுமி இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு, ஒரு காலால் நொண்டியடித்துச் சில்லைத் தள்ளிப் பாண்டி ஆடுகிற சாமர்த்தியத்தைப் பார்த்து மெச்சுகிறவர்கள், அவள் அந்த வேளையில் விளையாடவும் செய்கிறாள், தாயின் வேலையையும் செய்கிறாள் என்பதைக் கவனிப்பதில்லை. பெரியவர்கள் இல்லாத இடத்தில் அவளே பெரியவள். அவள் சமைந்துவிட்டால் அதுவும் போயிற்று; தெருவாசலோடு ஆட்டம் முடிந்தது. அவளுடைய தம்பிக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் பாக்கியிருக்கிறது. மேற்பார்வை அதிகமாகிவிட்டதென்று நான் வருந்துவது பையன்களைவிட இவள் பொருட்டே.

அப்படியானால் பெரியவர்களின் கடமைதான் என்ன? கலந்து பழகும் இடத்தை உண்டாக்குவதும், அங்கே உயிருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்வதும், பிறகு சற்றே அப்பால் போய் உட்காருவதும். பாழுங்கிணற்றுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். கண்மாய் நிறைந்த காலத்தில் நீந்தத் தெரியாத பிள்ளை தனியே போகாதபடி தடுக்க வேண்டும். பள்ளி வாகனங்களும் சரக்கு வண்டிகளும் பறக்கிற தெருவில் விளையாடச் சொல்ல யாருக்கும் மனம் வராது, ஆகவே பேரூராட்சி தன் வசமுள்ள பொட்டலை வணிக வளாகமாக்காமல் விட்டுவைக்க வேண்டும். கலக்கும் வேலையில் பள்ளிக்கூடமே சிறந்த கருவி. அரசுப் பள்ளிகளில் 2024-இல் வந்த ‘மகிழ் முற்றம்’ ஏற்பாடு, மாணவரைக் குறிஞ்சி முதல் பாலை ஈறாக ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. தெருவும் ஜாதியும் பார்க்காமல் பிரித்தால் அதுவரை அது நல்ல காரியமே. ஆனால் குழுவின் கூட்டத்தையும் ஆசிரியரே நடத்தி, பேச வேண்டியதையும் ஆசிரியரே எழுதிக்கொடுப்பாரானால் அது ஆண்டுவிழா நாடகத்தில் சேரும்.

விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-இல் தொடங்கிவைத்த மதிய உணவினால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பந்தி முடிந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த மணி அடிக்கும் வரை மிஞ்சுகிற அரை மணி நேரமே இந்த வட்டாரத்தில் பல தெருக்களின் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், சமைந்த பெண்ணும் உட்பட, ஒரே மைதானத்தில் தம் இஷ்டப்படி இருக்கக் கிடைக்கிற ஒரே வேளை. அந்த அரை மணியைத்தான் தேர்வு நெருங்குகிறதென்று வாசிப்புப் பயிற்சிக்கும் வாய்ப்பாட்டுக்கும் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. ‘கை கால் முறிந்தால் யார் பதில் சொல்வது?’ என்று தலைமை ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வியே. ஓர் ஆசிரியர் வராந்தாவில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கட்டும், இரத்தம் கண்டால் எழுந்து வரட்டும், ‘சார், இவன் அளாப்புறான்’ என்று ஓடிவருகிறவனைத் திரும்ப ஆட்டத்துக்கே அனுப்பிவைக்கட்டும். வாய்ப்பாட்டுக்கு வேறு நேரம் பார்த்துக்கொள்ளலாம்.